நிதானமாக யோசிக்கும் தொடக்கநிலையாளருக்கு எந்த டாக்டிக்ஸ் பயிற்சி பொருந்தும்?

செஸ் காய்களின் நகர்வுகளைக் கற்று, சில மாதங்கள் ஆடியும் பழகிய ஒருவர், ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு குதிரையையோ மந்திரியையோ சும்மா பறிகொடுப்பதைக் கவனித்துவிட்டு, டாக்டிக்ஸ் புதிர்களிடம், அதாவது சில நகர்வுகளில் காயையோ ஆட்டத்தையோ வெல்லும் உத்தியைக் கண்டுபிடிக்கும் பயிற்சிகளிடம், வந்து சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இயல்பிலேயே நிதானமானவர். எல்லாக் காய்களையும் ஒருமுறை பார்த்து, எதிராளி என்ன செய்வார் என்று யோசித்து முடிக்கும் வரை நகர்த்த மாட்டார். அப்படிப்பட்டவர் முன்னால் இன்று ஏராளமான வழிகள் திறந்து கிடக்கின்றன. கடிகாரத்தோடு ஓடும் புதிர்ப் பந்தயங்கள், நேர வரம்பே இல்லாத தரப்புள்ளிப் புதிர்கள் (விடைக்கு ஏற்ப நம் திறனைக் காட்டும் புள்ளி ஏறி இறங்குபவை), ஒரே உத்தியை மட்டும் திரும்பத் திரும்பத் தரும் கருப்பொருள் தொகுப்புகள், அச்சிட்ட பயிற்சி நூல்கள், ஒரே தொகுப்பைப் பலமுறை சுற்றும் முறை என எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், எதில் நேரத்தைச் செலவிடுவது என்ற குழப்பம் இயல்பாகவே வருகிறது. நேர வரம்பற்ற, சற்றே எளிதான, உத்தி வாரியாகப் பிரிக்கப்பட்ட புதிர்களே இவருக்கு முதன்மைப் பயிற்சியாக இருக்க வேண்டும் என்பதும், மற்றவை அதைச் சுற்றி அளவோடு வர வேண்டும் என்பதும் என் கருத்து.

நிதானம் எதற்கு உதவுகிறது என்பதை ஒரு நிலையை வைத்தே பார்த்துவிடலாம். பலகை பக்கத்தில் இருந்தால் காய்களை அடுக்கிப் பார்ப்பது நல்லது. வெள்ளையின் ராஜா ஜி1 கட்டத்திலும், ராணி ஈ4 கட்டத்திலும், யானை ஈ1 கட்டத்திலும், சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2 கட்டங்களிலும் நிற்கின்றன. கறுப்பின் ராஜா ஜி8 கட்டத்திலும், யானை டி8 கட்டத்திலும், ராணி பி6 கட்டத்திலும், சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7 கட்டங்களிலும் இருக்கின்றன. நகர்த்த வேண்டியது வெள்ளை. ராணியை ஈ8 கட்டத்துக்குக் கொண்டுபோய் செக் வைத்தால், கறுப்புக்கு அதை யானையால் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. உடனே வெள்ளை யானை ஈ8 கட்டத்தில் வெட்டினால் செக்மேட். கடைசி வரிசையில் ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொள்ளும் இந்த அமைப்பு, புதிர்களில் மிக அதிகமாக வரும் அமைப்புகளில் ஒன்று.

இப்போது கறுப்பு ராணியை மட்டும் பி6 கட்டத்திலிருந்து மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் தள்ளி சி5 கட்டத்தில் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு நிலை அப்படியே இருக்கிறது. ஆனால் சி5 கட்டத்திலிருந்து டி6, ஈ7 வழியாக எஃப்8 கட்டம் வரை அந்த ராணியின் பார்வை போகிறது. வெள்ளை பழையபடி ராணியைக் கொடுத்து, யானையால் ஈ8 கட்டத்தில் வெட்டி செக் வைத்தால், கறுப்பு தன் ராணியை எஃப்8 கட்டத்தில் குறுக்கே போட்டுவிடும். வெள்ளை யானை அந்த ராணியை வெட்ட, ராஜா யானையை வெட்ட, இரு பக்கமும் ஒரு ராணியும் ஒரு யானையும் இழந்து, வெறும் சிப்பாய் ஆட்டத்தில் போய் நிற்கும். மேட் என்று நினைத்துத் தொடங்கியது சமமான பரிமாற்றமாக முடிகிறது. அவசரப்படுபவர் இரண்டு நிலைகளிலும் ஒரே நகர்வைத்தான் ஆடுவார். “குறுக்கே என்ன வரும்?” என்று கேட்கும் பழக்கம் உள்ளவர் மட்டுமே இரண்டையும் பிரித்தறிவார். நிதானமான தொடக்கநிலையாளரிடம் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கெடுக்காத பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1940-களில் சிறந்த ஆட்டக்காரர்களின் சிந்தனையை ஆராய்ந்தார். அவர் தொடங்கிய வழியில் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு செஸ் உலகில் இன்றும் பேசப்படுகிறது. உண்மையான ஆட்டத்தில் வந்த நிலையை ஐந்து நொடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் அதைப் பெருமளவு சரியாக மீண்டும் அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாக வைத்த நிலையைக் காட்டினாலோ அவருக்கும் புதியவருக்கும் இருந்த பெரிய இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவர்களின் நினைவில் தனித்தனிக் காய்கள் இல்லை, பொருளுள்ள அமைப்புகள் இருக்கின்றன என்பதே இதற்கான விளக்கம். ஆகவே வேகமாகத் தீர்ப்பது என்பது பல அமைப்புகளை ஏற்கெனவே அறிந்திருப்பதன் விளைவு. அமைப்புகள் மனத்தில் இல்லாதவர் விரைந்து நகர்த்திப் பழகினால், விரைந்து ஊகிக்கத்தான் பழகுவார்.

இந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்போது, கடிகாரத்தோடு ஓடும் புதிர்கள் இவருக்கு முதன்மைப் பயிற்சியாக ஏன் பொருந்தாது என்பது புரியும். லிசெஸ் தளத்தின் ‘பஸில் ஸ்டார்ம்’ மூன்று நிமிடத்தில் தொடங்குகிறது. தொடர்ந்து சரியாக நகர்த்தினால் கூடுதல் நொடிகள் கிடைக்கின்றன, ஒவ்வொரு தவறுக்கும் பத்து நொடி கழிகிறது. செஸ்.காம் தளம் 2018-இல் அறிமுகப்படுத்திய ‘பஸில் ரஷ்’ மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்ற வகைகளில் வருகிறது. மூன்று தவறுகளோடு முடிந்துவிடுகிறது. இரண்டிலும் புதிர்கள் மிக எளிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகின்றன. ஆயிரக்கணக்கான அமைப்புகளைத் தெரிந்தவருக்கு இவை கையைச் சூடாக வைத்திருக்க உதவும் நல்ல பயிற்சிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தொடக்கநிலையாளரோ, முதல் சில புதிர்களிலேயே நேரத்தின் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு, கொஞ்சம் கடினமான புதிர் வந்ததும் ஏதாவது ஒரு செக்கை வைத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்குகிறார். அந்தச் செக் சில நேரம் சரியாகவும் அமைந்துவிடுவதால், யோசிக்காமல் செக் வைக்கும் பழக்கத்துக்குப் பரிசும் கிடைக்கிறது. தவறிய புதிரை நின்று பார்க்கவோ நேரமில்லை, அடுத்தது வந்துவிடுகிறது.

இதே குடும்பத்தில், கடிகாரத்தை நீக்கிவிட்ட இரண்டு வகைகள் உண்டு. லிசெஸின் ‘பஸில் ஸ்ட்ரீக்’கில் எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே தவறில் ஓட்டம் முடிந்துவிடும், ஒரு நகர்வை மட்டும் தாண்டிச் செல்ல அனுமதி உண்டு. பஸில் ரஷ்ஷின் ‘சர்வைவல்’ வகையிலும் நேர வரம்பு கிடையாது. இவை நிதானமானவரின் குணத்துக்கு மிகவும் இசைவானவை. ஸ்ட்ரீக்கில் ஒரே தவறிலும் சர்வைவலில் மூன்று தவறிலும் எல்லாம் போய்விடும் என்பதால், நகர்த்துவதற்கு முன் இன்னொரு முறை சரிபார்க்கும் ஒழுங்கு தானாக வருகிறது. உண்மையான ஆட்டத்திலும் நிலைமை அப்படித்தானே? எனினும் ஒவ்வொரு முறையும் மிக எளிதான புதிர்களிலிருந்தே தொடங்க வேண்டியிருப்பதால், நேரத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே தெரிந்ததிலேயே போகிறது. வாரத்தில் ஓரிரு நாள் தன்னைச் சோதித்துக்கொள்ள இது போதும்.

அடுத்த வழி, நேர வரம்பில்லாத தரப்புள்ளிப் புதிர்கள். லிசெஸில் இவை முழுவதும் இலவசம். அந்தத் தளத்தில் ஆடப்பட்ட உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எவ்வளவு நேரம் எடுத்தாலும் புள்ளி பாதிக்கப்படுவதில்லை. செஸ்டெம்போ தளத்திலும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாத வகையும், நேரத்தைக் கணக்கில் கொள்ளும் வகையும் தனித்தனியே உள்ளன. இவர் முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செஸ்.காமில் இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு இத்தனை புதிர்தான் என்ற வரம்பு இருக்கிறது. நிதானமாகத் தீர்ப்பவருக்கு அது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் சில புதிர்களை முழுமையாக யோசித்து முடித்தாலே அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

இந்த வழியில் இரண்டு இடர்கள் உண்டு. லிசெஸில் புதிய கணக்கின் புதிர்த் தரப்புள்ளி 1500-இல் தொடங்குகிறது. புதியவருக்கு அது பெரும்பாலும் மிக அதிகம். முதல் நாளிலேயே தொடர்ந்து தவறிப் புள்ளிகள் சரிவதைப் பார்த்து, தனக்கு இது வராது என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தரப்புள்ளி தன் இடத்தைத் தேடிக்கொள்ளும் நிகழ்வு மட்டுமே. கடின அளவை மாற்றும் வசதியில், நம் தரப்புள்ளியைவிட 300 அல்லது 600 புள்ளி குறைவான புதிர்களைக் கேட்டு வாங்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் இந்தச் சோர்வைத் தவிர்க்கலாம். புதிர்த் தரப்புள்ளியையும் ஆட்டத் தரப்புள்ளியையும் ஒப்பிட்டு வருந்துவதும் தேவையற்றது. புதிரில் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்பது முன்பே தெரிந்துவிடுகிறது, ஆட்டத்தில் யாரும் வந்து சொல்வதில்லை. இரண்டாவது இடர், திரையே தரும் சலுகை. முதல் நகர்வு சரியென்றால் எதிராளியின் பதிலை மென்பொருளே ஆடிக் காட்டிவிடுவதால், மூன்று நகர்வுப் புதிரை ஒவ்வொரு நகர்வாக, ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்துத் தீர்த்துவிடலாம். முழுத் தொடரையும் மனத்தில் கண்ட பிறகே முதல் காயைத் தொட வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தானே விதித்துக்கொள்ளாதவருக்கு, நேர வரம்பற்ற புதிராலும் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஒரு தாளில் தொடரை எழுதிவிட்டு நகர்த்துவது இதற்கு எளிய தீர்வு.

கருப்பொருள் வாரியாகத் தீர்ப்பதா, கலந்து தீர்ப்பதா என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘ஃபோர்க்’ (ஒரே காய் இரண்டு காய்களை ஒருசேரத் தாக்குவது) என்ற தலைப்பின் கீழ் வரும் புதிரில் பாதி விடை தலைப்பிலேயே கிடைத்துவிடுகிறது என்பது கலவையை ஆதரிப்பவர்களின் வாதம்; அது நியாயமான வாதம்தான். ஆனால் குதிரையின் ஃபோர்க் எந்தெந்த வடிவங்களில் வரும் என்று கண்ணுக்கே பழகாத ஒருவரிடம், எந்தக் குறிப்பும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்கச் சொல்வது வீண் சுமை. ராஜாவும் ராணியும் ஒரே நிறக் கட்டங்களில், குதிரையின் எட்டுக்குள் நிற்பது. காவலில்லாத யானை ஒன்று மூலையில் இருப்பது. குதிரை வர வேண்டிய கட்டத்தைக் காக்கும் சிப்பாய் ‘பின்’ ஆகி, அதாவது நகர்ந்தால் பின்னால் உள்ள பெரிய காய் தாக்கப்படும் என்பதால் கட்டுண்டு, கிடப்பது என்று ஒரே உத்தியின் பல முகங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் அவற்றுக்குள் உள்ள ஒற்றுமை தெரிய வருகிறது. நிதானமானவர் இந்த ஒற்றுமையைக் கவனிப்பதில் மற்றவர்களைவிடத் திறமையானவர் என்று நான் நினைக்கிறேன். ஒரு வாரம் ஃபோர்க், அடுத்த வாரம் பின், அதற்கடுத்து ஸ்கூவர் (முன்னால் உள்ள பெரிய காயைத் தாக்கி விலகச் செய்து, பின்னால் உள்ளதைப் பிடிப்பது), பிறகு திறப்புத் தாக்குதல் (ஒரு காய் விலகி, பின்னால் உள்ள காயின் தாக்குதலைத் திறந்துவிடுவது), கடைசி வரிசை மேட், காவலில்லாத காயைப் பிடித்தல் என்று சென்று, ஒவ்வொரு வாரத்தின் இறுதியிலும் கலவைப் புதிர்களில் அதைத் தேடிப் பார்க்கலாம். லிசெஸில் இந்தத் தலைப்புகள் எல்லாம் தனித்தனியே கிடைக்கின்றன. எந்தத் தலைப்பில் அதிகம் தவறுகிறோம் என்பதைக் காட்டும் பக்கமும், தவறிய புதிர்களை மீண்டும் ஆடிப்பார்க்கும் வசதியும் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒரு நகர்வு மேட், இரண்டு நகர்வு மேட் ஆகிய தலைப்புகளுக்கு நிறைய இடம் கொடுப்பது நல்லது, ஏனென்றால் அவற்றில் விடை சரியா என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

அச்சு நூல்களை இந்த ஒப்பீட்டில் பலர் மறந்துவிடுகிறார்கள். நெதர்லாந்தில் ராப் புரூனியாவும் கோர் வான் வைகெர்டனும் 1987 முதல் உருவாக்கிய படிநிலைப் பயிற்சி ஏடுகள் பல ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகளில் இன்றும் பாடமாக இருக்கின்றன. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே கருத்து என்ற அதன் அமைப்பு நிதானமானவருக்காகவே செய்தது போலிருக்கும். ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார் தொகுத்த பெருநூலில் 5334 புதிர்கள் உள்ளன. தொடக்கத்தில் வரும் 306 ஒரு நகர்வு மேட்கள் புதியவருக்கு அருமையான தீனி, அடுத்து வரும் இரண்டு நகர்வு மேட்களில் நிறைய, ஆட்டத்தில் எழாத, தனியே இயற்றப்பட்ட நிலைகள் என்பதால் அங்கே தேங்கி நிற்கத் தேவையில்லை. நூலின் பெரிய நன்மை, அது பதில் பேசாது என்பதுதான். தவறான நகர்வை வைத்தவுடன் சிவப்பு அடையாளம் காட்ட யாரும் இல்லாததால், நம் விடை சரியா என்று நாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்திலும் நாம் செய்ய வேண்டியது அதையேதான். நேரில் ஆடும் போட்டிகளில் கலந்துகொள்ள எண்ணுபவர், படத்தைப் பார்த்து நிஜப் பலகையில் காய்களை அடுக்கி, தொடாமல் யோசித்தால் இன்னும் நல்லது. திரையில் மட்டும் பழகிய கண்ணுக்கு முப்பரிமாணக் காய்கள் முதலில் சற்று அந்நியமாகவே தெரியும். குறை என்னவென்றால், நாம் கண்ட மாற்று விடை ஏன் தவறு என்று நூல் எப்போதும் சொல்வதில்லை.

ஒரே தொகுப்பைத் திரும்பத் திரும்பத் தீர்க்கும் ‘மரங்கொத்தி முறை’, ஸ்வீடனின் ஆக்ஸல் ஸ்மித்தும் ஹான்ஸ் டிக்கானெனும் 2018-இல் நூலாக எழுதிய பிறகு பெரும் புகழ் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிர்களை முதலில் சில வாரங்களில் முடித்து, அடுத்த சுற்றில் அதில் பாதி நேரத்தில், அதற்கடுத்த சுற்றில் அதிலும் பாதியில் என்று இறுக்கிக்கொண்டே போவது இதன் சாரம். டிக்கானென் இதைச் செய்தபோது ஏற்கெனவே சர்வதேச மாஸ்டர் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் செய்தது, தெரிந்த அமைப்புகளைக் கைவசப்படுத்தும் வேலை. தொடக்கநிலையாளர் அந்த நூலையே, அந்த அளவிலேயே எடுத்தால், முதல் சுற்றை முடிப்பதற்குள் களைத்துவிடுவார். ஆனால் கருத்தை மட்டும் சிறிதாக்கி எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன முதன்மைப் பயிற்சிக்குத் துணையாக வரும் வழிகளில் இதுவே இவருக்கு அதிகம் கொடுக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். ஐம்பது அல்லது நூறு எளிய புதிர்களை ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் எவ்வளவு நேரம் ஆனாலும் முழுமையாகத் தீர்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி தொடங்கினால், முன்பு ஐந்து நிமிடம் பிடித்த புதிர் சில நொடிகளில் புலப்படுவதைக் காணலாம். சிலர் இதை மனப்பாடம் என்று ஒதுக்குகிறார்கள். விடை மட்டும் நினைவில் இருந்தால் அது மனப்பாடம்தான்; எதிராளியின் ஒவ்வொரு தற்காப்பும் ஏன் பலிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால், அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நிதானத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். ஒரே புதிரின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது சிரத்தையாகத் தோன்றினாலும், அந்த அமைப்பை முன்பின் பார்த்திராதவருக்கு அதிலிருந்து கிடைப்பது குறைவு. செக்குகள், வெட்டுகள், மிரட்டல்கள் ஆகிய மூன்றையும் இரு பக்கத்துக்கும் வரிசையாகப் பார்த்து முடித்து, பத்து நிமிடத்துக்குள் வழி தெரியவில்லை என்றால், தன்னால் முடிந்த சிறந்த விடையை எழுதிவிட்டுத் தீர்வைப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்த புதிரை மட்டும் தனியே குறித்து வைத்து, சில நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பத்தில் ஏழு, எட்டுப் புதிர்கள் சரியாக வரும் கடின அளவு இவருக்குப் பொருத்தமானது. பாதிக்குக் கீழே போனால் அளவைக் குறைத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீர்வைப் பார்ப்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கணினி இயந்திரம் உடனே சரியான நகர்வைக் காட்டிவிடும், ஆனால் காரணத்தைச் சொல்லாது. சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024-இல் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் கற்ற காலத்தில் இயந்திரத் துணையைத் தவிர்த்து, தானே கணித்துப் பழகியது பலரும் அறிந்த செய்தி. அந்த உயரத்தை நாம் ஒப்பிட வேண்டியதில்லை, பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: தவறிய புதிரில் நம் நகர்வுக்கு எதிராளியின் பதில் என்ன என்பதை முதலில் நாமே தேடுவது, கிடைக்காவிட்டால் மட்டுமே இயந்திரத்தைக் கேட்பது.

நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் எனக்குத் தெரிந்து இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் இருபது நிமிடம் அந்த வாரத்துக்குரிய கருப்பொருளில், தரப்புள்ளியைவிடச் சற்றுக் கீழான புதிர்கள். மீதிப் பத்து நிமிடம் குறித்து வைத்த பழைய புதிர்கள். வார இறுதியில் ஒரு ஸ்ட்ரீக் ஓட்டம், கூடவே பதினைந்து நிமிடமும் நகர்வுக்குப் பத்து நொடியும் கொண்ட ஓர் ஆட்டம், அதற்கும் நேரம் இருந்தால் நூலில் ஒரு பக்கம். ஆட்டம் முடிந்ததும் தவறவிட்ட உத்திகளைத் தேடி எடுத்து அதே தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். சொந்த ஆட்டத்திலிருந்து வந்த புதிரைப் போல மனத்தில் ஒட்டுவது வேறெதுவும் இல்லை. பஸில் ஸ்டார்முக்கு இந்தத் திட்டத்தில் முதல் சில மாதங்கள் இடம் தர வேண்டாம். ஒரு தொகுப்பை மூன்றாவது முறை சுற்றும்போது பெரும்பாலான புதிர்கள் பார்த்தவுடன் புலப்படத் தொடங்கினால், அப்போது ஸ்டார்மை மாதம் ஒருமுறை திறந்து, எந்த வகைப் புதிரில் கை தயங்குகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டு, அந்தத் தலைப்பை அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.